வராதவர்களைக் கண்டுபிடிப்பது

ஜூன் 3

வாலு,

போன் செய்தால் நீ எடுப்பதில்லை. மெசேஜ் அனுப்பினால் இரண்டு கோடும் நீலமாகின்றன, அதோடு சரி. அதனால்தான் தபால். கவரைக் கிழித்துப் படித்தவள் ‘நான் பார்க்கவே இல்லை’ என்று சொல்ல முடியாது. தவிர, நான் முடிக்கும்வரை நீ நடுவில் பாய்ந்து பேசவும் முடியாது. இந்த வசதி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

செய்தி இதுதான்: நேற்று ஆஸ்பத்திரியில் ராஜினாமா கொடுத்துவிட்டேன். இந்த மாதக் கடைசியோடு எக்ஸ்ரே அறைக்கும் எனக்கும் சரி. ஜூலையில் வகுப்பு. ஆமாம், நீ பார்க்கிற அதே டேட்டா சயின்ஸ்தான். ஆறு மாதம், முழு நேரம்.

சனிக்கிழமை சாப்பாட்டு மேஜையில் நீ சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. “உனக்கு இது வராதுக்கா. நாற்பத்தோரு வயசுல யாராவது இந்த வேலைக்கு வருவாங்களா? இருக்கிறதையும் விட்டுட்டு நிக்காதே.” உன் அத்தான் முன்னால், என் மகள் முன்னால். சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாய். தட்டில் பாதிச் சாப்பாடு அப்படியே. “சித்திக்கு என்னம்மா ஆச்சு?” என்று பெண் கேட்டாள். “புத்திசாலிங்களுக்கு நடுநடுவுல இப்படி வரும், சரியாயிடும்” என்று சமாளித்தேன்.

ஏன் போகிறாய் என்று நீ கேட்கவே இல்லை. அதுதான் எனக்கு ஆற்றாமை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். பதினேழு வருஷமாக அந்த இருட்டு அறையில் நான் பேசிய வசனம் ஒன்றுதான்: “மூச்சை இழுத்துப் பிடிங்க… விடுங்க… அவ்வளவுதான், போகலாம்.” அவர்கள் போய்விடுவார்கள். பிறகு என்ன ஆனார்கள் என்று எனக்குத் தெரியாது. போன வருஷம் ஒரு பஸ் கண்டக்டர் அம்மா வந்தார். நுரையீரலில் ஒரு சின்ன நிழல். “நல்லாத்தானே இருக்கு?” என்று சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே கேட்டார். “டாக்டர் சொல்லுவாரும்மா” என்றேன். மூன்று மாதம் கழித்து மறுபடி வந்து எடுக்கச் சொல்லி அறிக்கை போனது. வந்தாரா? தெரியாது. யாருக்கும் தெரியாது. ஆனால் அந்தப் பதில் ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டருக்குள் எங்கேயோ இருக்கிறது, அவருக்கு மட்டுமல்ல, ஆயிரக்கணக்கான பேருக்கு. அதனிடம் எப்படிக் கேட்பது என்று கற்றுக்கொள்ளப் போகிறேன். அவ்வளவுதான் என் ஆசை.

உன் உதவி எனக்கு வேண்டாம். கோபத்தில் சொல்லவில்லை. சரி, கோபத்தில்தான் சொல்கிறேன்.

இன்னமும் உன் அக்கா

*

ஜூன் 12

அக்காவுக்கு,

கடிதம் வந்தது. சொன்ன விதம் தப்பு. மன்னித்துக்கொள். சொன்ன விஷயத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

நீ நினைப்பது போல இல்லை இந்தத் துறை. ஆறு மாதப் படிப்பை முடித்தவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். ஒரு நாற்காலி காலியானால் நூற்றுக்கணக்கில் விண்ணப்பம் வருகிறது. அந்த விளம்பரத்தில் லேப்டாப்போடு சிரிக்கிறாளே ஒருத்தி, அவள் விளம்பரத்தில் நடிக்கிற பெண். படித்த பெண் இல்லை.

உன் வேலை நிரந்தரம். உன்னை அனுப்பிவிட்டால் அந்த ஆஸ்பத்திரியில் வேறு யாருக்கும் அந்த மெஷினோடு மல்லுக்கட்டத் தெரியாது. இதைவிட ஒருத்திக்கு என்ன வேண்டும்? நோட்டீஸ் காலம் முடிவதற்குள் ராஜினாமாவைத் திரும்ப வாங்கிக்கொள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

நான் நன்றாக இருக்கிறேன். இந்த வாரம் லீவு. பக்கத்து வீட்டில் பகல் முழுக்கச் சுவரைத் துளைக்கிறார்கள். தலைவலி. மற்றபடி ஒன்றுமில்லை.

வாலு

*

ஆகஸ்ட் 9

வாலு,

திரும்ப வாங்கவில்லை. கடைசி நாளன்று, கதிரைத் தடுக்கிற அந்த ஈய ஏப்ரனை ஆணியில் மாட்டிவிட்டு வெளியே வந்தபோது தோள் லேசாகி, நடையே மாறிவிட்டது. வாசல் காவலாளி “என்னம்மா, குடிச்சிருக்கீங்களா?” என்று கேட்டார்.

வகுப்பைப் பற்றிச் சொல்கிறேன். ஒரு பல்பொருள் கடைக்கு மேலே நீளமான அறை. கீழே சோப்பு மூட்டை இறக்கினால் மேலே மேஜை ஆடும். முதல் நாள் நான் உள்ளே நுழைந்ததும் பாதிப் பேர் எழுந்து நின்றுவிட்டார்கள், டீச்சர் என்று நினைத்து. “உட்காருங்கப்பா, நானும் உங்க கட்சிதான்” என்றேன். முதலில் ஆன்ட்டி என்றார்கள், இரண்டாம் வாரம் மேடம் ஆனேன், இப்போது எல்லோருக்கும் அக்கா. நீ மட்டும் கூப்பிடுகிற பட்டத்தைப் பத்தொன்பது பேருக்குப் பங்கு போட்டுவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே.

ஒரு வரியில் ஓர் இடைவெளி குறைந்ததற்காக ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்திருக்கிறேன். கம்ப்யூட்டர் சிவப்பில் திட்டிக்கொண்டே இருந்தது. என் மாமியார் கூட இவ்வளவு திட்டினதில்லை.

இனி எழுதப்போவதை எழுத வேண்டாம் என்று மூன்று நாள் இருந்தேன். ஒரு கிளினிக்கின் பழைய டேட்டாவைக் கொடுத்து, முன்பதிவு செய்தவர்களில் யார் வராமல் போவார்கள் என்று கணிக்கச் சொன்னார்கள். எனக்கென்றே செய்தது போலிருந்தது. பழைய பதிவுகளைக் காட்டி, கணிக்கிற மாடலைப் பழக்கினேன். நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு சரி! வீட்டுக்குப் போன் போட்டேன். உன் அத்தான் கேக் வாங்கி வைத்துவிட்டார். மறுநாள் வகுப்பில் மாஸ்டர் கேட்டார், “மொத்தத்துல எத்தனை பேர் வரலை?” பார்த்தேன். நூற்றுக்கு ஆறு. “உங்க மாடல் யாரை வரமாட்டாங்கன்னு சொல்லுது?” பார்த்தேன். ஒருவரையும் சொல்லவில்லை. எல்லோரும் வருவார்கள், எல்லோரும் வருவார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருக்கிறது. நான் தேடிய ஆட்கள் அத்தனை பேரையும் விட்டுவிட்டுத் தொண்ணூற்று நாலு மார்க் வாங்கியிருக்கிறது. வகுப்பு சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலாவது தேவலை. பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். வீட்டில் இன்னும் பாதி கேக் இருக்கிறது.

நீ சொன்னது சரிதானோ என்று தோன்றுகிறது. அப்படித் தோன்றுவதைச் சொல்ல உன்னைவிட்டால் ஆள் இல்லை.

இதை எப்படிச் சரிசெய்வது?

அக்கா

*

ஆகஸ்ட் 17

அக்கா,

முதலில் அந்தக் கேக்கைச் சாப்பிடு. இந்தத் தப்பைச் செய்யாமல் யாரும் இந்த வேலைக்குள் வந்ததில்லை. நான் செய்தது உன்னுடையதைவிடப் பெரியது. முதல் வருஷம் முழு டீமையும் கூட்டி வைத்துத் திரையில் போட்டுக் காட்டினேன். நான் அழுதது பாத்ரூமில் இல்லை, மொட்டை மாடியில். காற்று நன்றாக இருந்தது.

ஒரு காவலாளி இருக்கிறார் என்று வைத்துக்கொள். தினமும் காலையில் முதலாளியிடம், “இன்னிக்குத் திருடன் வரமாட்டான் ஐயா” என்கிறார். வருஷத்தில் இரண்டு நாள் தவிர எல்லா நாளும் அவர் சொன்னது சரி. அவருக்குச் சம்பளம் கொடுப்பாயா? உன் மாடல் அந்தக் காவலாளி. அதனிடம் ‘மொத்தத்தில் எத்தனை சரி’ என்று கேட்பதை நிறுத்து. இரண்டு கேள்வி கேள். உண்மையில் வராதவர்களில் எத்தனை பேரை நீ பிடித்தாய்? நீ ‘வரமாட்டார்’ என்று கைகாட்டியவர்களில் எத்தனை பேர் உண்மையிலேயே வரவில்லை?

ஒன்றை இழுத்தால் மற்றது விலகும். சின்னப் போர்வை மாதிரி, தலையை மூடினால் கால் வெளியே வரும். எதை மூடுவது என்று கம்ப்யூட்டர் சொல்லாது. நீதான் சொல்ல வேண்டும். வரப்போகிற ஆளுக்கு அநாவசியமாகப் போன் செய்தால் என்ன நஷ்டம்? ஒரு நிமிஷம், கொஞ்சம் எரிச்சல். வராமல் போகிற ஆளைத் தவறவிட்டால்? அது உன் கண்டக்டர் அம்மா. அப்படியென்றால் எந்தத் தப்பைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று உனக்கே தெரியும். எங்கள் துறையில் பாதிப் பேருக்கு இது தெரியாமலே ஓய்வு பெறும் வயது வந்துவிடுகிறது.

இன்னொன்று: வராதவர்கள் குறைவு என்பதால் மாடல் அவர்களைச் சட்டை செய்வதில்லை. பழக்கும்போதே ‘இவர்கள் முக்கியம்’ என்று எடை கூட்டிச் சொல்லலாம். எப்படி என்பதைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். அப்படியே பார்த்து அடிக்காதே. ஒவ்வொரு வரியையும் எதற்கு என்று நீயே வாய்விட்டுச் சொல்லிவிட்டு அடி.

ஆறு பக்கம் எழுதியிருக்கிறேன் என்பதை இப்போதுதான் கவனிக்கிறேன். டீ ஆறி ஆடை கட்டிவிட்டது. இன்னும் கேள்வி இருந்தால் அனுப்பு. எனக்கு நேரம் இருக்கிறது.

வாலு

*

டிசம்பர் 2

வாலுக்குட்டி,

படிப்பு முடியப்போகிறது. வராதவர்களில் பாதிக்கு மேல் பிடித்துவிட்டேன். உன் பின்பக்கத்தைக் கண்ணாடி போட்டு மாட்டலாம் என்கிறார் அத்தான்.

வேலை விஷயம் நீ சொன்னபடியேதான். முப்பது இடத்துக்கு மேல் போட்டிருப்பேன். பெரும்பாலும் பதிலே வராது. வருவதெல்லாம் ‘உங்கள் ஆர்வத்துக்கு நன்றி’. ஆர்வத்துக்கு இவ்வளவு நன்றியை என் வாழ்நாளில் யாரும் சொன்னதில்லை. ஒரே ஒரு இடத்தில் நேரில் கூப்பிட்டார்கள். எதிரே உட்கார்ந்திருந்த பிள்ளைக்கு மீசை இப்போதுதான் சம்மதம் சொல்லியிருக்கிறது. “இந்தப் பதினேழு வருஷத்தை நாங்க எப்படி எடுத்துக்கிறது மேடம்?” என்றான். “கழிச்சிடுங்க தம்பி. எனக்கு இருபத்து நாலுன்னு வெச்சுக்குங்க” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். வேலை கொடுக்கவில்லை.

வீட்டில் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. அதுதான் கஷ்டமாக இருக்கிறது. மதியம் நான் மட்டும் வீட்டில் இருக்கும்போது, கேட் சத்தம் கேட்டால் எழுந்து ஏதாவது பாத்திரத்தைத் தேய்க்க ஆரம்பித்துவிடுகிறேன், சும்மா உட்கார்ந்திருப்பதை யாரும் பார்த்துவிடக் கூடாதென்று.

இந்த வரியை எழுத எனக்கு எவ்வளவு நேரமானது என்று சொன்னால் சிரிப்பாய். உன் கம்பெனியில் ஒரு வார்த்தை சொல்ல முடியுமா? ‘எங்க அக்கா’ என்று சொல்ல வேண்டாம். தெரிந்தவர் என்று சொல். கடைநிலை வேலை என்றாலும் போதும்.

அக்கா

*

டிசம்பர் 8

அக்கா,

என்னால் அங்கே சொல்ல முடியாது. காரணம் கேட்காதே. வேறு இடங்களின் பெயர் கீழே எழுதியிருக்கிறேன்.

வாலு

*

டிசம்பர் 13

உன் நாலு வரி வந்தது.

‘தெரிந்தவர்’ என்று சொல்லச் சொன்னேன். அதற்குக்கூட உனக்கு வாய் வரவில்லை. எக்ஸ்ரே அறையில் ஆளைப் புரட்டிப் படுக்க வைத்தவள் உன் கண்ணாடிக் கட்டடத்துக்குள் வந்து நின்றால் உனக்குக் கௌரவக் குறைச்சல் போலிருக்கிறது. இருக்கட்டும். வெட்கப்படுகிற தங்கையிடம் போய்க் கையேந்தினேனே, என்னைச் சொல்ல வேண்டும்.

நீ எழுதிக் கொடுத்த பெயர்களையும் எனக்கு அனுப்பியிருக்க வேண்டாம்.

*

ஜனவரி 21

வாலு,

எழுத மாட்டேன் என்றுதான் இருந்தேன். எழுத வேண்டி வந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை உன் ஊருக்கு வந்தேன். கிளைகள் நிறைய உள்ள ஒரு ஸ்கேன் சென்டரில் இன்டர்வியூ. அதற்காக ஐந்து மணி நேர பஸ். முடிந்ததும் நேரே திரும்பத்தான் நினைத்தேன். பஸ்ஸுக்கு நேரமிருந்தது. கோபமும் இருந்தது. நேரில் நாலு கேள்வி கேட்டுவிடுவோம் என்று உன் ஆபீஸுக்குப் போனேன். வரவேற்பில் இருந்த பெண் உன் பெயரைக் கேட்டுவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தாள். “அவங்க மே மாசமே போயிட்டாங்களேம்மா. அந்த டீமையே எடுத்துட்டாங்க. நீங்க அவங்களுக்கு…?” என்றாள். “தெரிஞ்சவங்க” என்றேன்.

மே மாதம். நீ என் வீட்டுக்கு வந்தது மே மாதக் கடைசி சனிக்கிழமை.

உன் தெருவுக்கு வந்து எதிர்ப்பக்க மருந்துக்கடையில் நின்றேன். கடைக்காரர் மூன்று தடவை என்ன வேண்டும் என்று கேட்டார். இருமல் மிட்டாய் வாங்கினேன். கொஞ்ச நேரத்தில் நீ வந்தாய். இஸ்திரி போட்ட சட்டை, தோளில் லேப்டாப் பை, கையில் ரொட்டிப் பொட்டலம். யார் பார்ப்பதற்காக அந்தச் சட்டை என்று எனக்குப் புரிந்தது. நானும் அதைத்தானே செய்கிறேன், பாத்திரம் தேய்த்து.

கதவைத் தட்டவில்லை. தட்டியிருந்தால், “இன்னிக்கு லீவுக்கா” என்று சிரித்திருப்பாய். அந்தச் சிரிப்பை நேரில் பார்க்க எனக்குத் தெம்பில்லை. காகிதத்தில் என்றால் தாங்கிக்கொள்வேன். இனி உன் இஷ்டம். சொல்வதென்றால் சொல். சொல்லாவிட்டாலும் போன கடிதத்தில் நான் எழுதியது அத்தனையையும் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்.

ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? மெலிந்திருக்கிறாய்.

அக்கா

*

ஜனவரி 29

அக்கா,

மருந்துக்கடை வாசலிலா நின்றாய்? அந்த மனிதர் தெரு முழுக்கச் சொல்லியிருப்பார்.

சொல்கிறேன். மே மாதம் ஒரு புதன்கிழமை. கம்ப்யூட்டரில் ஒரு மீட்டிங் என்று கூப்பிட்டார்கள். முகம் தெரியாத ஒருத்தி எழுதி வைத்ததைப் படித்தாள். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. முடியும்போதே என் லேப்டாப் பூட்டிக்கொண்டது. மேஜை மேல் வைத்திருந்த செடியை அப்புறம் கூரியரில் அனுப்பினார்கள். வந்து சேர்ந்தது தொட்டி மட்டும்தான்.

உன்னிடம் சொல்லத்தான் அந்த சனிக்கிழமை வந்தேன். பஸ்ஸில் வரும்போதே எப்படி ஆரம்பிப்பது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். சாப்பிட உட்கார்ந்ததும் நீ அந்த விளம்பரத் தாளைக் கொண்டுவந்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாய். “நானும் உன்னை மாதிரி ஆகப்போறேன்டி” என்றாய். உன் முகத்தை நீ பார்க்கவில்லை, நான் பார்த்தேன். என்னை மாதிரி! என்னத்தைச் சொல்வது? இருந்த பயமெல்லாம் வேறு வாசல் வழியாகக் கோபமாக வந்துவிட்டது. உனக்கு வராது என்று நான் நினைக்கவே இல்லை அக்கா. நான் நிற்கிற இடத்தில் நீயும் வந்து நிற்கக் கூடாது என்றுதான் நினைத்தேன். சொல்லத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு போகிற இடமெல்லாம், ‘உங்களுக்கு அனுபவம் அதிகம்’ என்கிறார்கள். உனக்கு இல்லை என்று தள்ளுகிறார்கள், எனக்கு இருக்கிறது என்று தள்ளுகிறார்கள். நம் இருவரையும் சேர்த்துக் குலுக்கிப் பாதியாகப் பிரித்திருந்தால் எப்போதோ வேலை கிடைத்திருக்கும்.

ஆகஸ்டில் உனக்கு அந்த ஆறு பக்கம் எழுதினேனே, அன்று ஒரு நாள்தான் நான் வேலைக்குப் போன மாதிரி இருந்தது. தபால்பெட்டியில் போட்டுவிட்டு வரும்போது பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வந்தேன். எதிர்வீட்டுப் பிள்ளை திரும்பிப் பார்த்தது.

வெட்கம் உன்னை நினைத்து இல்லை.

வாலு

*

மார்ச் 16

வாலுக்குட்டி,

அந்த ஸ்கேன் சென்டரிலிருந்து பிப்ரவரியில் கூப்பிட்டுவிட்டார்கள். வேலை நம் ஊர்க் கிளையில்தான். போனில் சொன்னபோது நீ கத்திய கத்தலில் அத்தான் பக்கத்து அறையிலிருந்து ஓடிவந்தார். சம்பளம் எக்ஸ்ரே அறையில் வாங்கியதைவிடக் குறைவு, பட்டம் ‘உதவி’ என்று ஆரம்பிக்கிறது. இருக்கட்டும். மறுபடி வந்து எடுக்கச் சொன்னவர்களில் யார் வரவில்லை என்று கண்டுபிடிப்பதுதான் என் வேலை. கண்டக்டர் அம்மா இந்த டேட்டாவில் இல்லை, அவர் பழைய ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டரிலேயே இருக்கிறார். ஆனால் அவர் மாதிரி ஏராளமான பேர் இங்கே இருக்கிறார்கள்.

இப்போது சிக்கல். ஒரே ஆள் ஒவ்வொரு கிளையிலும் ஒவ்வொரு எழுத்துக்கூட்டலில் பெயர் கொடுத்திருக்கிறார். மூன்று கிளைக்குப் போனால் மூன்று ஆள் ஆகிவிடுகிறார். நான் முட்டி மோதிப் பார்த்துவிட்டேன். எங்கள் டாக்டரம்மா, “அனுபவம் உள்ள ஒருத்தரை ஆறு மாசத்துக்கு எடுத்துக்கலாம், உங்களுக்கு யாரையாவது தெரியுமா?” என்றார். “என் தங்கச்சி இருக்கா. நான் சிபாரிசு பண்ணலை. நீங்களே பேசிப் பாருங்க, நான் அந்த ரூம்லயே இருக்க மாட்டேன்” என்றேன். நாளைக்கே வரச் சொல்கிறார்.

மறுக்காதே. இது உபகாரம் இல்லை, வேலை.

அக்கா

*

மார்ச் 22

அக்கா,

கடிதத்தை நாலு தடவை படித்தேன். அந்த வேலைக்கு நான் வரவில்லை.

கோபித்துக்கொள்ளாமல் கேள். நான் வந்தால் உன் சிக்கல் இரண்டு வாரத்தில் தீர்ந்துவிடும். மூன்றாவது வாரம் டாக்டரம்மா எதற்கும் உன் மேஜைக்கு வரமாட்டார், என் மேஜைக்கு வருவார். நாலாவது வாரம் நீயும் என்னிடம்தான் கேட்பாய். என் எட்டு வருஷத்துக்குப் பக்கத்தில் உன் ஆறு வாரத்தை வைத்தால் அது எடுபடாது. ஆறு மாதம் கழித்து நான் போன பிறகு நீ மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அந்த நாற்காலியை நீ தனியாகச் சம்பாதித்தாய். அதில் என் நிழல் விழ வேண்டாம்.

எனக்கு வேலை தேவைதான். இல்லை என்று பெருமைக்குச் சொல்ல மாட்டேன், இனி உன்னிடம் பொய் இல்லை. ஆனால் இது வேண்டாம்.

பெயர்ச் சிக்கலுக்கு வழியை ஒரு தாளில் எழுதினேன். பிறகு கிழித்துப் போட்டுவிட்டேன். ஒரு கேள்வி மட்டும் அனுப்புகிறேன்: தன் பெயரை மூன்று விதமாகக் கொடுக்கிற ஆள், எதை மூன்று தடவையும் ஒரே மாதிரி கொடுப்பார்?

வாலு

*

மார்ச் 27

மண்டைக்கனம் பிடித்தவளே,

பிறந்த தேதி என்று பார்த்தேன். பாதிப் பேர் ஜனவரி ஒன்றாம் தேதி பிறந்திருக்கிறார்கள், தேதி தெரியாதவர்களுக்கெல்லாம் அதைத்தான் போடுவார்களாம். போன் நம்பர் என்று பார்த்தேன். மகனுடையது, மருமகளுடையது, கடைக்காரருடையது. பிறகு பிறந்த வருஷம், தெரு, எந்த உறுப்பைப் படம் எடுத்தார்கள் என்று மூன்றையும் சேர்த்து வைத்துப் பார்த்தேன். எல்லாம் ஒட்டவில்லை, நிறைய ஒட்டின. டாக்டரம்மா என் மேஜைக்குத்தான் வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நீ சொன்னதன் அர்த்தம் அப்போது புரிந்தது. உன்மேல் வந்த கோபம் முழுக்கப் போகவில்லை, பாதி போயிருக்கிறது.

நேற்று முதல் போனை நானே செய்தேன். வயதான தச்சர். போன வருஷம் வரச் சொல்லியிருந்தார்கள். “நீங்க மறுபடி வரவே இல்லையே ஐயா” என்றேன். “நான் வரலைன்னு அங்க யாராவது பார்த்தாங்களா?” என்று கேட்டார். “பார்த்தோம்” என்றேன். வியாழக்கிழமை வருகிறார்.

இப்போது உன் விஷயம். வேலைக்கு வராதே, சரி. வீட்டுக்கு வா. பின்னறை காலியாக இருக்கிறது, வெயில் நன்றாக விழும், எந்தப் பக்கமும் யாரும் துளை போடவில்லை. அங்கே உட்கார்ந்து விண்ணப்பம் போடு. ஏதாவது பதில் வந்ததா என்று ஒருத்தரும் கேட்க மாட்டோம், நான் பொறுப்பு. இஸ்திரி போடாத சட்டையோடு தெருவில் நடக்கலாம்.

சித்தி எப்போது வருவாள் என்று பெண் தினமும் கேட்கிறாள். நான் கேட்பதை எழுத்தில் போடவில்லை.

அக்கா

*

ஏப்ரல் 2

அக்கா,

ஞாயிறு மதிய பஸ். அத்தானை ஸ்டாண்டுக்கு அனுப்பு. இரண்டு பெட்டி, ஒரு மூட்டை, ஒரு தொட்டி. பெட்டியில் ஒன்று ரொம்பக் கனம்.

நாலு நாள் தங்க வருகிறவளுக்கு எதற்கு இவ்வளவு சாமான் என்று அவர் கேட்டால், நீயே ஏதாவது சொல்லிவிடு.

வாலு